அக்குள் வியர்வைக்கு ஊசி: அது எதை நிறுத்துகிறது?

என் தங்கை ஒரு பள்ளியில் கணக்கு டீச்சர். கரும்பலகையில் எழுதக் கையைத் தூக்கினால் ரவிக்கையின் கக்கம் தெரியும். அங்கே எப்போதும் ஓர் ஈர வட்டம் இருக்கும். முதல் பீரியடில் உள்ளங்கை அளவு. மதியச் சாப்பாட்டுக்குள் இடுப்பு வரை இறங்கிவிடும். காய்ந்த ஓரத்தில் உப்புப் பூத்து வெள்ளைக் கோடு விழும். அதனால் பலகையின் மேல் பாதியில் எழுதுவதையே விட்டுவிட்டாள். கறுப்பு, கருநீலம் தவிர வேறு நிறத்தில் ரவிக்கை தைப்பதில்லை. டெய்லரிடம் துணியைக் கொடுக்கும்போதே கக்கத்தில் பேட் வைத்துத் தைக்கச் சொல்லிவிடுவாள்.

எங்கள் வீட்டில் இதற்கு வைத்த பெயர் உடம்புச் சூடு. வெள்ளிக்கிழமை எண்ணெய்க் குளியல், வெறும் வயிற்றில் வெந்தயம், வெயில் காலத்தில் இளநீர் என்று எல்லாம் நடந்தது. வியர்வை தன் பாட்டுக்குக் கொட்டிக்கொண்டே இருந்தது.

போன வருஷம் ஜூன் மாதம் ஒருவழியாகத் தோல் டாக்டரிடம் போனோம். அவர் கேட்ட முதல் கேள்வி எனக்கு விசித்திரமாக இருந்தது. "தூங்கும்போது வேர்க்குதாம்மா?"

"இல்ல டாக்டர். காலைல எழுந்தா காஞ்சுதான் இருக்கும். பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பும்போதே ஆரம்பிச்சிடும்."

அவர் ஏதோ விடை கிடைத்ததுபோல் தலையாட்டினார். அந்தக் கேள்விக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்பதும், கடைசியில் அவர் போட்ட ஊசி உள்ளே போய் என்ன செய்கிறது என்பதும்தான் இந்தக் கட்டுரை.

சுரப்பி மேல் குற்றமில்லை

நம் தோலில் 20 லட்சத்திலிருந்து 40 லட்சம் வரை வியர்வைச் சுரப்பிகள் இருக்கின்றன. பெரும்பாலானவை எக்ரைன் வகை. சுருட்டி வைத்த நூல்போலத் தோலுக்கு அடியில் கிடந்து, நேராக மேலே ஒரு குழாயைத் திறந்து வைத்திருக்கும். இவை விடுவது ஏறக்குறைய வெறும் தண்ணீர், கொஞ்சம் உப்பு. அபோக்ரைன் என்று இன்னொரு வகை உண்டு. அக்குள், தொடையிடுக்கு போன்ற இடங்களில் மட்டும் இருக்கும், வயதுக்கு வந்த பிறகுதான் வேலையைத் தொடங்கும். அது விடும் கொழகொழப்பான திரவத்தைத் தோலில் உள்ள பாக்டீரியாக்கள் உடைக்கும்போதுதான் வாடை வருகிறது. ஆக, சட்டையை நனைப்பது ஒருவர், நாற வைப்பது இன்னொருவர். பாதிக் குழப்பம் இந்த இரண்டையும் ஒன்றாக நினைப்பதில் வருவதுதான்.

சுரப்பி தானாக முடிவெடுத்து வியர்ப்பதில்லை. மூளையில் ஹைப்போதலாமஸ் என்ற சிறு பகுதி உடம்பின் வெப்பத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறது. சூடு ஏறினால் முதுகெலும்பை ஒட்டி ஓடும் பரிவு நரம்புகள் வழியாகச் சேதி அனுப்புகிறது. நரம்பின் கடைசி நுனி சுரப்பியைத் தொடுவதில்லை. நடுவில் ஒரு நூலிழை இடைவெளி. அதைத் தாண்ட நரம்பு நுனி அசிடைல்கோலின் என்ற வேதிப்பொருளைக் கசிய விடுகிறது. அது போய் ஒட்டினால் சுரப்பி திறக்கும், ஒட்டாவிட்டால் சும்மா இருக்கும். இதில் ஒரு வேடிக்கை உண்டு. பரிவு நரம்புகள் மற்ற இடங்களில் கடைசி நுனியில் பெரும்பாலும் நார்அட்ரினலினைத்தான் பயன்படுத்துகின்றன. வியர்வைச் சுரப்பிக்கு மட்டும் விதிவிலக்காக அசிடைல்கோலின். இந்த விதிவிலக்கு இல்லாவிட்டால் இந்த ஊசியே கிடையாது.

உள்ளங்கை, உள்ளங்கால், அக்குள் ஆகிய மூன்று இடங்களும் வெயிலுக்கு மட்டும் வியர்ப்பவை அல்ல. பரீட்சை, பெண் பார்க்கும் படலம், இன்டர்வியூ என்று மனம் பதறினாலும் அவற்றுக்குச் சேதி போகும். சிலருக்கு இந்தச் சேதி காரணமே இல்லாமல், அளவுக்கு மீறிப் போய்க்கொண்டே இருக்கிறது. இதற்கு மருத்துவத்தில் முதல்நிலை ஹைப்பர்ஹைட்ரோசிஸ் என்று பெயர். அவர்களுடைய தோலை எடுத்து மைக்ராஸ்கோப்பில் பார்த்தால் சுரப்பிகள் எல்லோருக்கும் இருப்பதுபோலத்தான் இருக்கும். எண்ணிக்கையும் கூடுதல் இல்லை, வீக்கமும் இல்லை. மேலிடத்து உத்தரவு அதிகம், அவ்வளவுதான். தூங்கும்போது அந்த உத்தரவு நின்றுவிடுகிறது. டாக்டர் அந்தக் கேள்வியைக் கேட்டது அதனால்தான்.

சென்னை வெயிலில் யாருக்குத்தான் வேர்க்காது?

நியாயமான கேள்வி. மே மாதம் பஸ் ஸ்டாண்டில் நிற்பவர் எல்லோருக்கும் நோய் என்று சொல்ல முடியுமா? முடியாது. ஏசி அறையில், ஒரு வேலையும் செய்யாமல் உட்கார்ந்திருக்கும்போதும் கக்கம் மட்டும் சொட்டுகிறதா என்பதுதான் கவனிக்க வேண்டியது. டாக்டர்கள் பார்க்கும் கணக்கு இப்படி: வெளிப்படையான காரணம் இல்லாத அதிக வியர்வை குறைந்தது ஆறு மாதமாக இருக்க வேண்டும். கூடவே சில அடையாளங்களில் குறைந்தது இரண்டு பொருந்த வேண்டும். இரண்டு பக்கமும் ஒரே மாதிரி வியர்ப்பது, 25 வயதுக்குள் தொடங்கியது, வாரத்துக்கு ஒரு தடவையாவது வருவது, தூக்கத்தில் நிற்பது, அன்றாட வேலையைக் கெடுப்பது, குடும்பத்தில் வேறு யாருக்காவது இருப்பது.

கடைசி அடையாளத்தைக் கேட்டபோது நாங்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். அப்பா எப்போதும் இரண்டு கக்கத்திலும் கைக்குட்டையை மடித்துச் செருகிக்கொண்டுதான் ஆபீஸ் போவார். அதை அவருடைய பழக்கம் என்றே இத்தனை வருஷமும் நினைத்திருந்தோம்.

இதற்கு மாறாக, நடுவயதில் திடீரென்று தொடங்கினால், உடம்பு முழுக்க வியர்த்தால், ராத்திரி தலையணை நனைந்தால் கதை வேறு. காசநோய், தைராய்டு மிகையாகச் சுரப்பது, சர்க்கரை நோயாளிக்குச் சர்க்கரை திடீரென்று இறங்குவது, மாதவிடாய் நிற்கும் காலம், மன அழுத்தத்துக்குச் சாப்பிடும் சில மாத்திரைகள், சில வகைப் புற்றுநோய் என்று காரணங்கள் நீளும். அங்கே வியர்வையை நிறுத்துவது புகை வரும் அடுப்பை விட்டுவிட்டு ஜன்னலைச் சாத்துவது போல. குறிப்பாக இரவு வியர்வையோடு எடை குறைவும் இருமலும் இருந்தால் தோல் டாக்டருக்கு முன்னால் பொது மருத்துவரைப் பாருங்கள்.

எவ்வளவு வியர்த்தால் அதிகம் என்பதற்கு ஒரு நாலு படி அளவுகோல் வைத்திருக்கிறார்கள். தெரிவதே இல்லை, தொந்தரவும் இல்லை என்பது முதல் படி. பொறுத்துக்கொள்ளலாம் என்பது இரண்டாவது. பொறுப்பது கஷ்டம், அடிக்கடி வேலை கெடுகிறது என்பது மூன்று. பொறுக்கவே முடியவில்லை என்பது நாலு. மூன்றும் நாலும் கடுமையான நிலை. தங்கை "மூணு" என்றாள். "பலகையில் மேலே எழுதுறதே இல்லைன்னு சொன்னியே" என்று நான் இடையில் புகுந்தேன். டாக்டர் நாலு என்று எழுதிக்கொண்டார்.

ஊசிக்கு முன்னால் பூச்சு

எடுத்த எடுப்பில் யாரும் ஊசி போடுவதில்லை, போடவும் கூடாது. முதலில் பூச்சு. டியோடரண்ட் என்பது வாடையை மறைப்பது. வியர்வையைக் குறைப்பது ஆன்ட்டிபெர்ஸ்பிரன்ட். கடையில் இரண்டும் பக்கத்துப் பக்கத்தில், பல நேரம் ஒரே டப்பாவில் இருப்பதால் யாரும் கவனிப்பதில்லை. ஆன்ட்டிபெர்ஸ்பிரன்டில் இருப்பது அலுமினிய உப்பு. அது சுரப்பியின் குழாய் வாயில் போய்க் கட்டியாகி அடைத்துக்கொள்ளும். சலூனில் சவரம் முடிந்ததும் கன்னத்தில் தேய்ப்பார்களே படிகாரம், அதுவும் அலுமினிய உப்புதான். கக்கத்தில் படிகாரம் தேய்க்கும் பாட்டிகள் ஏதோ அரைகுறையாகவாவது சரியான திசையில்தான் போயிருக்கிறார்கள்.

டாக்டர் எழுதித் தருவது 20 சதவீத அலுமினியம் குளோரைடு. இதில் பலர் தோற்பது பூசும் நேரத்தில். காலையில் குளித்துவிட்டு அவசரமாகப் பூசினால் ஒன்றும் நடக்காது, எரிச்சல்தான் மிஞ்சும். ஈரத்தோடு சேர்ந்தால் அது அமிலமாகும். ராத்திரி படுக்கப் போகும்போது, ஃபேன் காற்றில் கக்கத்தை நன்றாகக் காயவிட்டு, மழித்த அன்று தவிர்த்து, மெல்லியதாகப் பூச வேண்டும். தூக்கத்தில் வியர்வை நிற்பதால் உப்பு குழாய்க்குள் இறங்க நேரம் கிடைக்கும். காலையில் கழுவிவிடலாம். குறைய ஆரம்பித்ததும் வாரத்துக்கு ஒன்றிரண்டு தடவை போதும். ஏராளமானவர்களுக்கு இதிலேயே காரியம் முடிந்துவிடும், செலவும் சொற்பம். தங்கைக்கு இரண்டு மாதம் பூசியும் பாதிதான் குறைந்தது. தோல் சிவந்து அரித்தது. அதற்குப் பிறகுதான் ஊசிப் பேச்சு வந்தது.

கெட்டுப்போன சாசேஜிலிருந்து

ஊசியில் இருப்பது போட்டுலினம் டாக்சின். போடாக்ஸ் என்ற பிராண்டு பெயரில் ஊருக்கே தெரியும். நெற்றிச் சுருக்கத்துக்கு நடிகர் நடிகைகள் போட்டுக்கொள்வது என்ற அளவில்தான் நானும் அறிந்திருந்தேன். அடிப்படையில் அது விஷம். சும்மா விஷம் என்று சொல்வதும் குறைவு. நமக்குத் தெரிந்த விஷங்களிலேயே மிகக் கொடியது.

ஜெர்மனியின் வுர்ட்டம்பெர்க் பகுதியில் 1800களின் தொடக்கத்தில் கெட்டுப்போன இரத்த சாசேஜ் சாப்பிட்டவர்கள் அடிக்கடி செத்துப்போனார்கள். யுஸ்டினுஸ் கெர்னர் என்ற டாக்டர் அதை ஆராய்ந்தார். அவர் கவிஞரும்கூட. நோயாளிகளுக்குத் தசை செயலிழப்பதோடு வாயும் தோலும் வறண்டுபோவதையும் எழுதி வைத்தார்; அந்த விஷத்தைத் தன் மேலேயே கொஞ்சம் சோதித்தும் பார்த்தார். அளவைக் குறைத்துக் கொடுத்தால் அதிகமாகச் சுரக்கும் நோய்களுக்கு இதுவே மருந்தாகலாம் என்று 200 வருஷத்துக்கு முன்பே அவருக்குத் தோன்றியிருக்கிறது. 1895இல் பெல்ஜியத்தின் எல்லெசெல் கிராமத்தில் ஒரு சாவு வீட்டுக்கு வாசிக்க வந்த பேண்டு குழுவினர் பன்றித் தொடை இறைச்சி சாப்பிட்டு விழுந்தார்கள். மூன்று பேர் இறந்தார்கள். அந்த இறைச்சியிலிருந்துதான் எமில் வான் எர்மெங்கெம் இந்த விஷத்தை உண்டாக்கும் பாக்டீரியாவைப் பிரித்தெடுத்தார். லத்தீனில் சாசேஜுக்கு போட்டுலஸ் என்று பெயர். வியாதிக்கும் விஷத்துக்கும் அந்தப் பெயரே ஒட்டிக்கொண்டது.

மருந்தாக மாறியது கண் டாக்டர்களின் கையில். சான் பிரான்சிஸ்கோவில் ஆலன் ஸ்காட் மாறுகண்ணுக்கு இதைச் செலுத்திப் பார்த்தார். 1989இல் அமெரிக்க அனுமதி கிடைத்தது. அப்புறம் வியர்வைக் கதை தற்செயலாக நுழைந்தது. முகத்தின் ஒரு பக்கம் துடிக்கும் நோய்க்கு ஊசி போட்டுக்கொண்டவர்களுக்கு அந்தப் பக்கம் வியர்ப்பதே இல்லை என்று இங்கிலாந்து மருத்துவர்கள் 1994இல் எழுதினார்கள். அடுத்து அக்குளில் முயன்றார்கள். பூச்சுக்கு அடங்காத கடுமையான அக்குள் வியர்வைக்கு 2004 ஜூலையில் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது.

கயிறு அறுந்த வாளி

சரி, உள்ளே என்னதான் செய்கிறது? நரம்பு நுனியில் அசிடைல்கோலின் குட்டிக் குட்டிப் பைகளில் நிரம்பிக் கிடக்கிறது. பை ஒவ்வொன்றும் நரம்பின் சவ்வோடு வந்து ஒட்டித் திறந்தால்தான் சரக்கு வெளியே வரும். பையைச் சவ்வுக்கு இழுத்து ஒட்டவைக்கச் சில புரதங்கள் கயிறுபோல முறுக்கிக்கொள்கின்றன. அதில் ஒன்றின் பெயர் ஸ்னாப்-25. போட்டுலினம் டாக்சின் ஏ நரம்பு நுனிக்குள் நுழைந்து இந்த ஒரே கயிற்றைக் கத்தரித்துவிடுகிறது. கிணற்றில் தண்ணீர் இருக்கிறது, வாளியும் நிரம்பியிருக்கிறது, கயிறுதான் இல்லை. எனவே சேதி மேலே வராது. சுரப்பி உயிரோடு, எந்தக் காயமும் இல்லாமல், உத்தரவுக்குக் காத்துக்கொண்டே கிடக்கும்.

நரம்பும் சாவதில்லை. அது புதுக் கயிறு திரித்துக்கொண்டே இருக்கிறது. சில மாதங்களில் பழைய இணைப்பு மீண்டு வரும், வியர்வையும் திரும்பும். "இவ்வளவு காசு கொடுத்தும் நிரந்தரம் இல்லையா?" என்று எங்கள் அம்மா கேட்டார். இல்லைதான். ஆனால் அது குறை என்று மட்டும் எனக்குப் படவில்லை. பிடிக்காவிட்டால் காத்திருந்தால் போதும், உடம்பு தானே பழைய நிலைக்கு வந்துவிடும். அறுவை சிகிச்சையில் அந்தச் சலுகை கிடையாது.

ஊசி போட்ட நாள்

காலாண்டு விடுமுறையில் நாள் வாங்கினோம். முந்தின நாளே மழித்துவிட வேண்டும், 24 மணி நேரத்துக்கு எந்தப் பூச்சும் கூடாது, வரும்போது காப்பி குடிக்காமல் வர வேண்டும் என்று சொல்லியிருந்தார்கள். போனதும் அரை மணி நேரம் சும்மா உட்கார வைத்தார்கள். மாடி ஏறி வந்த வியர்வை கணக்கில் வரக் கூடாது அல்லவா?

முதலில் அயோடின்-மாவுச் சோதனை. விக்டர் மினோர் என்ற ரஷ்ய நரம்பியல் மருத்துவர் 1928இல் வெளியிட்டது, இன்றும் அப்படியே நடக்கிறது. கக்கத்தில் அயோடினைத் தடவிக் காயவிட்டார்கள். மேலே மாவுத் தூளைப் பவுடர்போலத் தூவினார்கள். சில நிமிடங்களில் மஞ்சள் பழுப்பாக இருந்த இடத்தில் புள்ளி புள்ளியாகக் கருநீலம் கிளம்பி, ஒன்றோடொன்று சேர்ந்து, ஒரு தீவுபோலப் படர்ந்தது. வியர்க்கும் இடத்தில் மட்டும் மாவு ஈரமாகி அயோடினோடு சேர்ந்து நிறம் மாறுகிறது. "அக்கா, உருளைக்கிழங்குல அயோடின் விட்டுப் பார்ப்போமே, அதுதானே இது?" என்றாள் தங்கை. அதேதான். எனக்கு ஆச்சரியம் அந்தத் தீவின் வடிவம். முடி வளரும் இடம்தான் வியர்க்கும் இடம் என்று நினைத்திருந்தேன். இடது பக்கத்தில் தீவு அதைத் தாண்டிப் பின்புறமாக நீண்டிருந்தது. குத்துமதிப்பாகப் போட்டிருந்தால் அந்த வால் விட்டுப்போயிருக்கும். அயோடின் ஒத்துக்கொள்ளாதவர்கள் முன்பே சொல்லிவிட வேண்டும்.

பிறகு டாக்டர் அந்தத் தீவின் மேல் பேனாவால் ஒன்றரை சென்டிமீட்டருக்கு ஒரு புள்ளி வைத்தார், கோலத்துக்குப் புள்ளி வைப்பதுபோல. ஒரு பக்கத்துக்குப் பதினைந்து புள்ளி. ஐஸ் பேக்கை ஒத்தி மரத்துப்போக வைத்தார்கள்.

மருந்துக் குப்பியை ஃபிரிட்ஜிலிருந்து எடுத்து எங்களிடம் காட்டினார்கள். காலியாக இருப்பதுபோல இருந்தது. உற்றுப் பார்த்தால் அடியில் மூச்சுப் பட்ட கண்ணாடிபோல ஒரு வெண்படலம். யூனிட் என்பது மருந்தின் வீரியத்தை அளக்கும் கணக்கு. 100 யூனிட் குப்பி என்றாலும் அதில் உள்ள டாக்சின் புரதம் ஒரு கிராமில் நூறு கோடியில் ஐந்து பங்குதான். அதில் 4 மில்லி உப்புநீரைக் கலந்தார்கள். ஒரு கக்கத்துக்கு 50 யூனிட், பாதிக் குப்பி. இரண்டும் சேர்ந்த 100 யூனிட், ஒரு பெரிய ஆளுக்கு உயிராபத்து என்று மதிப்பிடப்படும் அளவில் முப்பதில் ஒரு பங்கு அளவுக்குத்தான் வரும், அதுவும் தோலுக்குள் சிதறிப் போகிறது.

முடி போன்ற மெல்லிய ஊசி. தோலுக்குள் இரண்டு மில்லிமீட்டர் ஆழம், சாய்வாக. ஒவ்வொரு குத்துக்கும் கொசு கடித்ததுபோல ஒரு சிறு தடிப்பு எழும்பி, கொஞ்ச நேரத்தில் அமுங்கியது. புள்ளியின் மேலே குத்தாமல் பக்கத்தில் குத்துவதைக் கவனித்துக் கேட்டேன். "மையும் உள்ள போய்ட்டா பச்சை குத்தின மாதிரி நின்னுடும்மா" என்றார். இரண்டு பக்கமும் கால் மணி நேரத்தில் முடிந்தது. வலி எப்படி என்று கேட்டதற்குத் தங்கை சொன்னது: "முதல் நாலு குத்து வலிச்சுது. அப்புறம் எண்ண ஆரம்பிச்சுட்டேன்." கணக்கு டீச்சர்.

அதற்குப் பிறகு

அன்று ஓட்டம், ஜிம், சுடுதண்ணீர்க் குளியல், கக்கத்தைத் தேய்ப்பது வேண்டாம். மற்றபடி நேராக வீட்டுக்கு வந்து சமைத்தாள். பலன் உடனே தெரியாது. கயிறு அறுபட நேரம் வேண்டும். மூன்று நாலு நாளில் தொடங்கி, இரண்டு வாரத்தில் முழுதாகத் தெரியும். ஆகவே மறுநாளே "ஒண்ணும் ஆகலையே" என்று ஃபோன் செய்ய வேண்டியதில்லை. இரண்டு வாரம் கழித்துப் போனால் விட்டுப்போன இடம் இருந்தால் பார்த்துச் சரிசெய்வார்கள்.

எவ்வளவு குறையும்? ஜெர்மனியில் 145 பேரிடம் நடந்து 2001இல் வெளிவந்த ஆய்வு எனக்குப் பிடித்தது, ஏனென்றால் அதில் ஒப்பீடு ஒரே ஆளுக்குள் நடந்தது. ஒரு கக்கத்தில் மருந்து, இன்னொன்றில் சும்மா உப்புநீர். எது எது என்று யாருக்கும் சொல்லவில்லை. வியர்வையைத் தாளில் ஒற்றி எடைபோட்டார்கள். தொடக்கத்தில் சராசரி நிமிடத்துக்கு 192 மில்லிகிராம். இரண்டு வாரத்தில் மருந்துப் பக்கம் 24, உப்புநீர்ப் பக்கம் 144. அந்த ஆய்வில் பயன்படுத்தியது வேறு பிராண்டு, யூனிட் எண்ணிக்கையும் வேறு. இங்கே ஒரு எச்சரிக்கை: ஒரு பிராண்டின் யூனிட்டும் இன்னொரு பிராண்டின் யூனிட்டும் ஒன்றல்ல. "அங்கே 50 போட்டாங்க, இங்கே 100 போடுறாங்க" என்று யூனிட்டை மட்டும் வைத்துப் பேரம் பேச முடியாது.

பலன் நிற்கும் காலம் ஆளுக்கு ஆள் மாறும். நாலு மாதத்தில் திரும்பியவர்களும் உண்டு, வருஷம் தாண்டியவர்களும் உண்டு. அமெரிக்க மருந்துக் குறிப்பில் உள்ள நடுமதிப்பு 201 நாள், அதாவது ஏழு மாதத்துக்குச் சற்றுக் குறைவு. முகச் சுருக்கத்துக்குப் போட்டால் மூன்று நாலு மாதத்தில் போய்விடும். தசையைவிடச் சுரப்பியில் நீண்ட நாள் நிற்கிறது.

பக்க விளைவு பெரும்பாலும் ஊசி குத்திய இடத்து வலி, சிறு இரத்தக்கட்டு. சிலருக்கு ஃபுளூ போன்ற அசதி. சிலர் வேறு இடத்தில் வியர்வை கூடியதாகச் சொல்கிறார்கள். மிக அரிதாக மருந்து பரவி விழுங்குவதில், பேசுவதில், மூச்சு விடுவதில் சிரமம் வரலாம். அப்படி இருந்தால் நேரம் கடத்தாமல் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். மயஸ்தீனியா போன்ற நரம்பு-தசை நோய் உள்ளவர்களுக்கு ஆபத்து அதிகம் என்பதால் அதைச் சொல்லாமல் ஊசிக்குப் போகவே கூடாது. கர்ப்பிணிகளும் பாலூட்டும் தாய்மார்களும் பொதுவாகத் தள்ளிப்போடுகிறார்கள். கக்கத்தில் கட்டியோ சீழோ இருந்தால் ஆறிய பிறகுதான். ஜென்டாமைசின் வகை ஆன்ட்டிபயாடிக் இந்த மருந்தின் வேகத்தைக் கூட்டும் என்பதால் என்ன மருந்து சாப்பிடுகிறீர்கள் என்ற பட்டியலைக் கையோடு கொண்டுபோங்கள்.

செலவில் பெரும்பங்கு குப்பிக்குத்தான். இடையில் ஒரு பியூட்டி பார்லரில் பாதி விலைக்குப் போடுவதாகச் சொன்னார்கள். எத்தனை யூனிட், எந்த பிராண்டு என்று தங்கை கேட்டதற்கு, "ஒரே ஊசிதான் மேடம்" என்று பதில் வந்தது. திரும்பி வந்துவிட்டாள். கலக்கிய மருந்தை ஃபிரிட்ஜில் வைத்து 24 மணி நேரத்துக்குள் பயன்படுத்த வேண்டும். குப்பியை உங்கள் முன்னால் திறக்கிறார்களா, போடுவது டாக்டரா என்பதைக் கேட்பதற்கு வெட்கப்பட வேண்டாம்.

அம்மாவின் சந்தேகங்கள்

"வேர்வையை அடைச்சா கழிவு உள்ளயே தங்கிடாதா?" கழிவை வெளியேற்றுவது சிறுநீரகமும் கல்லீரலும். வியர்வையின் வேலை உடம்பைக் குளிர்விப்பது. மொத்தச் சுரப்பிகளில் இரண்டு கக்கத்திலும் இருப்பது 2 சதவீதம்கூட வராது. அந்தச் சிறு பகுதி ஓய்வெடுத்தால் உடம்பு கொதித்துவிடாது.

"வாடையும் போயிடுமா?" குறையும் என்று பலர் சொல்கிறார்கள், ஈரம் இல்லாவிட்டால் பாக்டீரியாக்களுக்குக் கொண்டாட்டம் இல்லை. ஆனால் வாடை மட்டும்தான் பிரச்சினை என்றால் இந்த ஊசி அதற்கான மருந்து இல்லை.

"கையிலயும் போடலாமே?" என் உள்ளங்கையும் ஈரம்தான், எனக்காகக் கேட்டார். போடுகிறார்கள். ஆனால் உள்ளங்கையில் வலி கடுமை, அடியில் விரல் தசைகள் இருப்பதால் சில வாரம் பிடிமானம் தளரலாம். அதனால் கைகால்களுக்கு முதலில் தண்ணீர்த் தட்டில் மெல்லிய மின்சாரம் பாய்ச்சும் அயன்டோபோரெசிஸ் முறையை முயல்வார்கள்.

மாத்திரையும் உண்டு. ஆக்ஸிபியூட்டினின், கிளைக்கோபைரோலேட் போன்றவை உடம்பு முழுக்க அசிடைல்கோலினைத் தடுப்பதால் வாய் வறளும், மலம் கட்டும். மைக்ரோவேவால் அக்குள் சுரப்பியையே சுட்டுவிடும் கருவிக்கு 2011இல் அமெரிக்க அனுமதி கிடைத்தது; அதில் போன சுரப்பி திரும்பாது. மார்புக்குள் பரிவு நரம்பை வெட்டும் அறுவை சிகிச்சைக்குப் பிறகு முதுகிலும் வயிற்றிலும் ஈடுகட்டும் வியர்வை கொட்டித் தவிப்பவர்கள் இருக்கிறார்கள். அக்குளுக்காக மட்டும் அதைச் செய்வது எலிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்துவது என்பது என் கட்சி.

தங்கைக்கு ஊசி போட்டது செப்டம்பர் கடைசியில். ஏப்ரல் மாதம் வருஷப் பரீட்சை மேற்பார்வையில் நின்றபோது இடது கக்கத்தில், அந்தத் தீவின் வால் இருந்த இடத்தில், லேசாக ஈரம் தட்டியிருக்கிறது. பத்து நாளில் வலது பக்கமும். அடுத்த ஊசிக்கு மே மூன்றாம் வாரம் நாள் குறித்திருக்கிறோம். பள்ளி திறப்பதற்குள் இரண்டு வாரம் கிடைக்கும். நடுவில் மாம்பழ மஞ்சள் நிறத்தில் ஒரு ரவிக்கையும் தைத்துவிட்டாள். டெய்லர் அதிலும் கக்கத்துக்குப் பேட் வைத்திருந்தார். ஏன் என்று கேட்டதற்கு, "பழக்கம்மா" என்றார்.